ஒரு குழந்தை நோயின் வரலாறு

கவாசாகி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். ஜப்பானில் அப்பெயருடைய நகரம் ஒன்றும் உண்டு. குழந்தை மருத்துவர்கள் வாயில் அடிபடும் கவாசாகி வேறு. அது ஒரு மனிதரின் பெயர். அவர் கண்டு எழுதிய நோயின் பெயரும் அதுவே ஆயிற்று. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றும் அந்நோய், உடலின் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குவது. புண்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, நோகிறதல்லவா? அதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கின்றனர். கையில் முள் தைத்த இடத்தில் அது நிகழ்ந்தால் நன்மையே. இரத்தக் குழாயின் சுவரில், தைத்த முள் இன்னதென்றே தெரியாமல் நிகழ்ந்தால் பெருங்கேடு.

இந்நோய் ஏன் வருகிறது என்பது இன்றுவரையில் எவருக்கும் தெரியாது. இரத்தத்தைச் சோதித்து 'இதுதான் அது' என்று கூறிவிடும் பரிசோதனையும் கிடையாது. ஆயினும் அதற்கு ஏற்ற சிகிச்சை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. காசநோயில் கிருமியை முதலில் கண்டார்கள். மருந்து பின்னால் வந்தது. அந்த வரிசைப்படியே மருத்துவம் வளரும் என்று நினைப்பவர்களுக்கு, காரணம் தெரியாமலே மருந்து கிடைத்த இந்த வரலாறு வியப்பைத் தரும்.

டொமிசாகு கவாசாகி 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் பிறந்தவர். சீபாவில் மருத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்றார். பின்னர் தோக்கியோ ஹிரோ வட்டாரத்திலிருந்த செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றினார். 1961ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நான்கு வயது மூன்று மாதமான ஒரு சிறுவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கடுமையான காய்ச்சல், கண்கள் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. உதடுகள் காய்ந்து வெடித்துச் செக்கச் செவேலென்று இருந்தன. நாக்கும் சிவந்து முத்து முத்தாகத் தடித்திருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வீங்கியிருந்தன. பிறகு விரல் நுனிகளில், நகமும் தோலும் சேரும் இடத்திலிருந்து, தோல் உரியத் தொடங்கியது.

இந்தக் குறிகளைத் தனித்தனியே எடுத்தால் எதுவும் புதிதன்று. தோல் உரிவதும் நாக்குச் சிவப்பதும் செங்காய்ச்சலில் உண்டு. ஆனால் செங்காய்ச்சல் தொண்டையில் குடியேறும் ஒரு கிருமியால் வருவது. பென்சிலின் கொடுத்தால் அடங்கும். அதில் கண்கள் இப்படிச் சிவப்பதில்லை. கண்ணும் வாயும் தோலும் ஒருசேரக் கெடுவது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் எனப்படும் கொடிய ஒவ்வாமையிலும் உண்டு. அதிலோ வாயில் கொப்புளங்கள் கிளம்பிப் புண்ணாகும். இச்சிறுவனின் வாயில் புண் இல்லை. தட்டம்மையோ என்றால் அதன் இருமலும் சளியும் காணோம். சிறுவன் பிழைத்து வீடு திரும்பினான். அவனுடைய ஏட்டில் 'நோய் இன்னதெனத் தெரியவில்லை' என்றே கவாசாகி எழுதினார்.

செங்காய்ச்சல் என்றோ வேறொன்று என்றோ எழுதி ஏட்டை மூடியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைதான் குணமாகிவிட்டானே! தெரியவில்லை என்று எழுதியதனால் அச்சிறுவனின் முகம் அவர் நினைவில் நின்றுவிட்டது. ஓராண்டு கழித்து, 1962 பிப்ரவரியில், அதே கோலத்தில் இன்னொரு குழந்தை வந்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் அவர் கண்ட குழந்தைகள் ஏழு பேர். குழந்தை மருத்துவர் கூட்டமொன்றில், செங்காய்ச்சல் அல்லாத தோலுரி நோய் என்ற பொருளுடைய தலைப்பில் அந்த ஏழு பேரைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் அசையவில்லை. கட்டுரையை ஏற்று வெளியிடவும் எவரும் முன்வரவில்லை.

மூத்தவர்களின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. கிருமியும் காட்டவில்லை, நுண்ணோக்காடியில் தெரியும் அடையாளமும் காட்டவில்லை. நாலைந்து குறிகள் சேர்ந்து வருகின்றன என்பதை மட்டும் வைத்து ஒரு நோயைப் புதிதாக நாட்டுவது எளிதன்று. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயின் இலேசான வடிவமாக அது இருக்கக்கூடும் என்ற வாதத்திலும் அன்று நியாயம் இருந்தது. கவாசாகியால் செய்யக்கூடியது ஒன்றுதான். மேலும் குழந்தைகளைப் பார்ப்பது, பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதுவது. 1964இல் எண்ணிக்கை இருபதாயிற்று. 1967இல் ஐம்பது குழந்தைகளின் விவரங்களை ஜப்பானிய ஒவ்வாமை ஆராய்ச்சி இதழ் ஒன்றில் 44 பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, எந்த நாளில் தடிப்புக் கண்டது, எங்கே தோல் உரிந்தது என்றெல்லாம் குழந்தை குழந்தையாக எழுதப்பட்ட கட்டுரை அது. இன்றைக்கும் அந்நோயைப் பற்றிய விவரிப்பில் கூட்டுவதற்கு அதிகம் இல்லை என்பர்.

ஆனால் அக்கட்டுரையில் பிற்காலத்தில் தவறாகிப்போன கூற்று ஒன்றும் உண்டு. நோய் தானாகத் தீரும், பின்விளைவு எதையும் விட்டுச் செல்லாது என்று அதில் கூறப்பட்டிருந்தது. ஐம்பது குழந்தைகளைத் தம் கையால் தொட்டுப் பார்த்தவர் தாம் கண்ட அளவில் எழுதியது அது.

உண்மை வேறாக இருந்தது. அதற்கான முதற் சான்று அதே மருத்துவமனையிலேயே, கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகக் கிடைத்திருந்தது. 1965இல் இந்நோய் கண்டிருந்த ஒரு குழந்தை இறந்தது. நோய்க்கூறு ஆய்வாளரான நொபோரு தானாகா சவப் பரிசோதனை செய்தார். இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. புகை பிடித்துக் கொழுப்பேறிய முதியவர்களிடம் காணும் அடைப்பு, பால்மணம் மாறாத குழந்தையிடம்! ஒரே ஒரு குழந்தையை வைத்து என்ன சொல்ல முடியும் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். தோக்கியோவிலேயே இன்னொரு மருத்துவமனையான செயின்ட் லூக்ஸில் குழந்தைப் பிரிவுத் தலைவராயிருந்த தக்காஜிரோ யமாமோட்டோ, இந்நோய் கண்ட ஒரு குழந்தைக்கு இருதயம் தளர்ந்ததைக் கண்டு விழித்துக்கொண்டார். 1968இல் அவர் வெளியிட்ட 23 குழந்தைகளின் விவரத்தில், 11 பேருக்கு இருதய மின்வரைபடம் இயல்புக்கு மாறாக இருந்தது.

ஏறக்குறைய பாதிப் பேர்! இனித் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. ஜப்பானிய அரசாங்கத்தின் உதவியுடன் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்து, 1970இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. எந்தெந்தக் குறிகள் இருந்தால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்று பட்டியல் வகுத்து மருத்துவமனைகளைக் கேட்டார்கள். நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோதோ தேறிய பின்னரோ திடீரென்று இறந்து சவப் பரிசோதனைக்கு உள்ளான பத்துக் குழந்தைகள் அக்கணக்கில் வந்தார்கள். காரணம் இருதயத் தமனிகளே.

தேறிய பின் இறப்பது என்பதுதான் இந்நோயின் வஞ்சகம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வெள்ளணுக்கள் தமனியின் சுவருக்குள் புகுந்து, அதன் மீள்தன்மைக்கு ஆதாரமான படலத்தை அரிக்கின்றன. இரத்த அழுத்தம் தாங்காமல், நைந்த இடம் சைக்கிள் ட்யூப் புடைப்பதுபோல் புடைத்துக்கொள்கிறது. இதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும். பிள்ளை விளையாடத் தொடங்கியிருக்கும். தாயார் நேர்த்திக்கடனைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் பெருகுகின்றன. புடைத்த இடத்தில் இரத்தம் தேங்கி உறைந்தால் இருதயத்தின் அப்பகுதி பட்டினி கிடந்து சாகிறது. விரல் நுனியில் தோல் உரிவதும் இதே வாரங்களில்தான். குணமாவதன் அடையாளம் என்று வீட்டார் எண்ணும் நாட்கள் அவை.

இதே காலத்தில், ஜப்பானியச் செய்தி எதுவும் எட்டாத நிலையில், ஹவாயித் தீவின் ஹொனலூலு நகரில் மேரியன் மெலிஷ், ராக்கெல் ஹிக்ஸ் என்னும் இரண்டு பெண் மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டு குழம்பியிருந்தார்கள். கவாசாகியின் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது 1974ஆம் ஆண்டிலேதான். இரு கரையிலும் கண்டது ஒன்றே என்பது அதன் பின் உறுதிப்பட்டது. மேலைநாட்டு நோய்க்கூறு ஆய்வாளர்கள் தங்கள் பழைய ஏடுகளையும் கண்ணாடித் தகடுகளையும் புரட்டத் தொடங்கினார்கள். குழந்தைகளின் தமனி அழற்சி என்று வேறு பெயரில் எழுதப்பட்டிருந்த மரணங்கள் பல, கவாசாகி நோயின் மரணங்களிலிருந்து வேறுபடுத்த முடியாதவை என்று 1977இல் லாண்டிங், லார்சன் என்ற இருவர் காட்டினர். இலண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1871இலேயே, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் இருதயத் தமனிகளில் புடைப்புகளைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். நோய் புதியதன்று என்று நினைக்க இது இடம் தருகிறது. இலண்டனில் சவத்தைக் கண்டவர்கள் காய்ச்சலைக் காணவில்லை. பிற இடங்களில் காய்ச்சலைக் கண்டவர்கள் அதனைச் செங்காய்ச்சல் என்றே எண்ணியிருப்பார்கள். இரண்டையும் ஒரு நூலில் கோக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது.

பெயர் கிடைத்தது, மருந்து? அழற்சி என்றால் ஸ்டீராய்டு மருந்து என்பது அக்காலத்து மருத்துவர்களின் முதல் எண்ணம். மூட்டுவாதத்தில் கார்ட்டிசோன் காட்டிய அற்புதத்துக்காக 1950இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டதல்லவா? ஜப்பானிலும் அதனையே பல குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1979இல் குருமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஹிசா காத்தோ முதலியோர் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஸ்டீராய்டு வகையான பிரெட்னிசொலோனை உட்கொண்ட 17 குழந்தைகளில் 11 பேருக்குத் தமனிப் புடைப்பு! ஆஸ்பிரின் உட்கொண்டவர்களிடம் அது மிகக் குறைவு. அன்றிலிருந்து இந்நோய்க்கு ஸ்டீராய்டு ஆகாது என்பது சட்டம்போல் ஆகிவிட்டது. அதே ஆய்வில் ஸ்டீராய்டையும் ஆஸ்பிரினையும் சேர்த்து உட்கொண்ட ஏழு குழந்தைகளில் ஒருவருக்குக்கூடப் புடைப்பு ஏற்படவில்லை. ஏழு என்பது சிறிய எண். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

நல்ல மருந்து, யாரும் எதிர்பாராத வழியில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் நோய் எதிர்ப்புப் புரதம் காமா குளோபுலின் எனப்படும். அப்புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு அதனை ஊசிமூலம் ஏற்றுவது வழக்கம். சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் பால் இம்பாக் என்பவர், அவ்வாறு ஏற்றியபோது தட்டணுக் குறைவும் சேர்ந்தே நீங்குவதைக் கண்டு 1981இல் வெளியிட்டார். கிருமியை எதிர்க்கத் தரப்பட்ட பொருள், தன் உடலைத் தானே தாக்கும் நோயையும் தணித்தது! இந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டவர் ஜப்பானின் கென்சுகே ஃபுருஷோ. அவரும் அவருடைய தோழர்களும் கவாசாகி நோய் கண்ட குழந்தைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆஸ்பிரினும், மறு பகுதிக்கு அதனுடன் உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் காமா குளோபுலினும் கொடுத்தார்கள். 1984இல் முடிவு வெளிவந்தது. ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குத் தமனி கெட்டது. காமா குளோபுலின் பெற்றவர்களில் 15 பேருக்கே.

போஸ்டனில் ஜேன் நியூபர்கரும் பிறரும் இதைத் தங்கள் நாட்டிலும் சோதித்தனர். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 78 பேரில் 18 பேருக்கும், இரண்டும் பெற்ற 75 பேரில் 6 பேருக்கும் தமனிக் கோளாறு இருந்தது. 1986இல் இது வெளியாயிற்று. பிறகு 1991இல், நாலு நாள் பிரித்துக் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு இரண்டு கிராம் வீதம் ஒரே தடவையாக ஏற்றுவது மேல் என்று 549 குழந்தைகளிடம் செய்த சோதனை காட்டியது. இன்றைய முறை அதுவே. சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குத் தமனி புடைக்கும். உரிய காலத்தில் கொடுத்தால் நூற்றுக்கு நாலைந்து பேருக்கே. உரிய காலம் என்பது காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள். மீதமுள்ள செய்திகளை மறந்தாலும் பெற்றோர் இந்தப் பத்து நாள் கணக்கை மறக்கலாகாது.

ஸ்டீராய்டின் கதை அங்கே முடியவில்லை. காமா குளோபுலின் ஏற்றியும் காய்ச்சல் விடாத குழந்தைகள் ஐந்தாறு பேரில் ஒருவர் இருந்தனர். தமனி கெடுவதும் அவர்களுக்கே மிகுதி. ஜப்பானியர் அத்தகையோரை முன்கூட்டியே கணிக்கும் மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார்கள். அதில் அதிக மதிப்பெண் பெற்ற 248 குழந்தைகளை 74 மருத்துவமனைகளில் சேர்த்து, பாதிப் பேருக்குக் காமா குளோபுலினுடன் பிரெட்னிசொலோனும் கொடுத்துப் பார்த்தனர். 2012இல் வந்த முடிவு: பிரெட்னிசொலோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 3, பெறாதவர்களில் 23. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒதுக்கிவைத்த மருந்து! 1979இன் அந்த 17 குழந்தைகள் பொய் சொல்லவில்லை. சிறு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோல் பாகுபாடின்றிப் பிரிக்காமல் ஒப்பிட்டது, தாங்கக்கூடியதற்கு மேலான முடிவைத் தாங்கியது. மறுபுறம், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே ஒரு நாள் ஸ்டீராய்டு கொடுத்த அமெரிக்கச் சோதனை ஒன்று 2007இல் பயனில்லை என்று கண்டது. ஆகவே எந்த மருந்து என்பதோடு, எந்தக் குழந்தைக்கு, எத்தனை நாள் என்பதையும் கேட்கவேண்டியதாயிற்று.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை மட்டும் கவாசாகியின் கண்கள் வகுத்த பாதையிலேயே நடக்கிறது. ஐந்து நாள் காய்ச்சல். அதோடு கண், வாய், தோல், கைகால், கழுத்து நெறி ஆகிய ஐந்தில் நான்கு. தமனியைக் காண்பதற்கு ஒலி அலைப் படம் வந்திருக்கிறது. நோய்க்கு இன்னும் இந்த விரல்விட்டு எண்ணும் கணக்குத்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கணக்கு நிரம்பாத குழந்தைகளிடம். ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கு இரண்டு மூன்று குறிகளே தோன்றி, தமனி கெடுவது மட்டும் அதிகமாக இருக்கும். கண் இன்று சிவந்து நாளை தெளியும், தடிப்பு மறுநாள் வரும். இன்று வந்த மருத்துவர் நேற்றைய கண்ணைப் பார்த்திருக்கமாட்டார். வீட்டில் பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு. பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு திடீரென்று சிவந்து தடிப்பது சிசுக்களிடம் நல்லதொரு தடயம். 2020இல் திருத்தப்பட்ட ஜப்பானியப் பட்டியலில் அதற்கும் இடம் தந்திருக்கிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடனே அந்த ஊசி போடப்படுவதால், இத்தடயம் நம் குழந்தைகளிடமும் தேடத்தக்கது.

காரணத்தைத் தேடியவர்கள் பாதரசத்தைச் சொன்னார்கள், தூசிப் பூச்சியைச் சொன்னார்கள், கம்பளம் கழுவும் சவர்க்காரத்தைக்கூடச் சொன்னார்கள். ஆசியாவிலிருந்து வீசும் காற்றோடு அது பரவுகிறதோ என்று 2011இல் ஓர் ஆய்வு கேட்டது. எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஜப்பானில் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் கொள்ளை நோய்போல் பெருகியதால் தொற்று என்று தோன்றும். ஒரு குழந்தையிடமிருந்து பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு ஒட்டாததால் தொற்றன்று என்றும் தோன்றும். ஹவாயில் வாழும் ஜப்பானிய வமிசக் குழந்தைகளுக்கு மற்றவர்களைக் காட்டிலும் மிக அதிகமாக வருவதால் பரம்பரைக்கும் பங்கு உண்டு. பரம்பரையால் இடங்கொடுக்கும் உடலில், ஏதோ ஒரு கிருமி தூண்டிவிடுகிறது என்பதே பெரும்பாலோர் கருத்து.

2020இல் இக்கருத்துக்கு வலுவூட்டும் இரண்டு செய்திகள் வந்தன. கோவிட் பரவிய இத்தாலியிலும் இங்கிலாந்திலும், தொற்று வந்து சில வாரங்கள் கழித்து, கவாசாகி நோயை ஒத்த குறிகளுடன் பிள்ளைகள் மருத்துவமனைக்கு வந்தனர். வயதில் மூத்த பிள்ளைகள்; வயிற்று வலியும் இருதயத் தளர்ச்சியும் மிகுந்திருந்தன. ஆகையால் அது வேறு நோய் என்று பிரித்து வேறு பெயர் இட்டார்கள். சிகிச்சைக்கு மட்டும் காமா குளோபுலினையும் ஸ்டீராய்டையுமே நாடினார்கள். ஜப்பானிலோ, மக்கள் முகமூடி அணிந்து வீட்டுக்குள் இருந்த அவ்வாண்டில் கவாசாகி நோய் கண்ட குழந்தைகளின் எண்ணிக்கை முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மருத்துவமனையிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1990இல் தோக்கியோவில் இந்நோய்க்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்து, காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த கவாசாகி, அந்த 2020ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தம் 95ஆம் வயதில் காலமானார். அவர் முதலில் கண்ட குழந்தைகளின் தலைமுறை இன்று அறுபதைக் கடந்துவிட்டது. அவர்களில் சிறு வயதில் தமனி புடைத்து, பேர் தெரியாத காய்ச்சல் என்று வீடு திரும்பியவர்களும் இருப்பார்கள். நடுவயதில் மாரடைப்போடு வரும் சிலருக்கு, குழந்தைப் பருவத்தில் நீண்ட காய்ச்சல் வந்து விரல் நுனியில் தோல் உரிந்ததுண்டா என்று இருதய மருத்துவர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.